பச்சை நிறத்துக்குள் ஓர் ஊர்

மன்னாருக்கு நான் போனது ஒரு நிறத்தை முடிவு செய்வதற்காக. கோயம்புத்தூரில் என் வீட்டில் இதை யாரும் நம்பவில்லை. "ஒரு கலரைப் போன்ல கேட்டுக்க முடியாதா?" என்றார் கணவர். போனில், மின்னஞ்சலில், திரை வழியாக என்று மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. சண்டைதான் வளர்ந்தது.

விஷயம் இதுதான். நான் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவள். வரைபடம் வரைவது எனக்குக் கைவந்த வேலை. மன்னார்த் தீவுக்கும், அதற்குத் தெற்கே பெருநிலத்தில் நீளும் முசலிக் கரைக்கும் ஒரு நிலப்படத் தொகுதி தயாராகிக்கொண்டிருந்தது. மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. ருவன் தென்னிலங்கைச் சிங்களவர். செயற்கைக்கோள் படங்களைப் படித்து எது வயல், எது காடு, எது மணல் என்று பிரிப்பவர். நஸீரா சிலாவத்துறைப் பக்கத்துக் குடும்பத்துப் பெண். மக்களோடு பேசி யார் எங்கே வாழ்ந்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், எந்த வழியாக நடந்தார்கள் என்று எழுதுபவர். இருவரும் கொடுப்பதை ஒரே தாளில் வரைந்து சேர்ப்பது என் பங்கு.

எல்லாத் தாள்களும் முடிந்து ஒன்று மட்டும் நின்றுவிட்டது. கொண்டச்சிக்கு உட்புறமாக ஒரு துண்டு நிலம். ருவனின் கோப்பில் அது அடர்ந்த காடு. நஸீராவின் கோப்பில் அது ஓர் ஊர், சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது காலியானது. பச்சையாக அச்சாகிவிட்டால், திரும்பி வந்து காணி கேட்பவர்களிடம் "படத்தில் காடென்று இருக்கிறதே" என்று யாராவது விரல் வைத்துக் காட்டலாம். ஆதாரம் இல்லாமல் ஊரென்று போட்டால் தொகுதி முழுவதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது. நிறம் தீட்ட வேண்டியவள் நான்.

தை மாதம். மழை ஓய்ந்து எல்லாம் பச்சையாக இருந்தது. மன்னார் நகரத்தில் என்னை அழைத்துப் போக வந்தவர் வேன் ஓட்டுநர் அன்ரன், தலைமன்னார்க்காரர். ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. சாலை நடுவில் கழுதைக் கூட்டம். அன்ரன் ஹாரன் அடிக்கவே இல்லை. "அதுகள் எங்களுக்கு முந்தியே இஞ்ச வந்ததுகள் மிஸ், அதுகளா எழும்பட்டும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் இந்நேரம் பின்னால் பத்து வண்டிகள் கத்தியிருக்கும்.

விடுதியம்மா "வாங்கோ, வாங்கோ" என்றார். எங்கள் கொங்குப் பக்கத்திலும் மூத்தவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் ஒரு நிமிடம் ஊரிலேயே இருப்பதுபோலத் தோன்றியது. "கதிரையில இருங்கோ, அலுமாரியில இருந்து துவாய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று நாற்காலியையும் துண்டையும் வேறு பெயரில் அவர் சொன்னபோது கடல் கடந்து வந்திருப்பது நினைவுக்கு வந்தது.

அன்று இராச் சாப்பாட்டில்தான் நாங்கள் மூவரும் முதன்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இடியப்பம், சொதி, நண்டுக்கறி. ருவன் உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். நண்டு உடைப்பதில் தேர்ந்தவர். என் தட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு காலை உடைத்து என் பக்கம் வைத்தார். நஸீரா அவருக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் மட்டுமே பேசினார். புத்தளத்தில் இடம்பெயர்ந்தவர்கள் மத்தியில் பிறந்து வளர்ந்தவர் அவர். சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் ருவனிடம் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியைத் திறக்கவில்லை.

சொதி ஆறுவதற்குள் பேச்சு அங்கே வந்துவிட்டது.

"எனக்கு ஒரு விதி இருக்கிறது" என்றார் ருவன். "இலை எவ்வளவு அடர்த்தி, எத்தனை வருடம் தொடர்ந்து பச்சை. அதை எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிப் போடுகிறேன். இன்று உங்களுக்காக ஓர் இடத்தில் மாற்றினால், நாளை வேறு யாரோ வேறு காரணத்துக்காக மாற்றச் சொல்வார். அப்போது எப்படி மறுப்பேன்?"

நஸீரா இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே பதில் சொன்னார். "நீங்கள் எண்ணுகிற அந்த வருடங்களில்தான் எங்கள் ஆட்கள் வெளியே இருந்தார்கள். ஆளில்லாத இடத்தில் பச்சை வளராமல் என்ன செய்யும்?" பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "என்ட உம்மா அங்க பிறந்தவ அக்கா. அதைச் சொன்னா, இவவுக்கு அதில சொந்தம் இருக்கு, இவ சொல்லுறதை எடுக்கேலாது எண்டுவினம். சொல்லாட்டி, உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம்" என்றார்.

ருவனுக்கு அவ்வளவு தமிழ் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் நண்டுக் காலைப் பார்த்தேன்.

மறுநாள் தலைமன்னாரில் கரைக்கோட்டைச் சரிபார்க்கும் வேலை. பழைய கப்பல் துறையில் நின்றபோது என் கைப்பேசிக்கு இந்தியச் சிக்னல் கிடைத்து, கணவரின் குறுஞ்செய்தி வந்தது: "கலர் முடிவாயிருச்சா?" எதிரே ராமேஸ்வரம் பக்கம் மங்கலாகக்கூடத் தெரியவில்லை, செய்தி மட்டும் வந்துவிட்டது. மணல் எந்த வருடம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று ருவன் கையை நீட்டி நீட்டி விளக்கினார். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதை அன்ரன் சொல்லக் கேட்டுவிட்டு, அவரிடம், "அவர் சொல்லுறது சரி. ஆனா ஏன் எங்கட மீன்வாடிக் கொட்டில் இருந்த பக்கமே தேயுது எண்டு கேள்" என்றார். அன்ரன் கேட்டார். ருவன், தனக்குத் தெரியாது என்றார். நஸீரா அவரைத் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த நாள் சிலாவத்துறை. நஸீராவுக்குத் தெரிந்த பரீதா லாத்தாவின் (அக்காவை அங்கே லாத்தா என்கிறார்கள்) வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடியிருந்தார்கள். ருவனையும் அன்ரனையும் முன்பக்கம் ஆண்களோடு உட்காரவைத்துவிட்டு எங்களை உள்ளே அழைத்தார்கள். சஹன் என்கிற பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் கத்தரிக்காயும் வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிட வேண்டும். தனித்தனி இலையில் சாப்பிட்டுப் பழகிய எனக்கு என் எல்லை எது, பக்கத்தவர் எல்லை எது என்று தெரியவில்லை. பரீதா லாத்தா தன் பக்கத்துக் கத்தரிக்காயை என் பக்கம் தள்ளித் தள்ளி அந்தப் பிரச்சினையைத் தீர்த்தார்.

ஊரைப் பற்றிக் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, அதாவது சந்து. இரண்டு பக்கமும் வேலி. முடிகிற இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு.

"என்ன வேலிங்க?" என்று கேட்டேன்.

"கிளுவைதான். வெட்டி நட்டா வேரோடுமே, அது" என்றார் பரீதா லாத்தா.

கிளுவை எங்கள் காங்கேயம் பக்கத்து வேலி. அந்தப் பெயரைக் கேட்டதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். அதற்கு மேல் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் கொண்டச்சிப் பக்கம் கிளம்பினோம். இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேன் ஈர மணலில் புதைந்துவிட்டது. அன்ரன் பலகை போட்டார், கல் போட்டார். நாங்கள் மூவரும் தள்ளியதில் சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கியது. ருவனின் சட்டையெல்லாம் சேறு. உழவு இயந்திரத்தோடு வந்து இழுத்துவிட்டவர் தவராசா, உள்ளூரில் நெல் விதைப்பவர். அவருடைய மாடுகள் அந்தப் புதர்க்காட்டுக்குள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. வேலையைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது.

"ஊர் எண்டு போடப் போறியளோ?"

"இன்னும் முடிவில்லைங்க" என்றேன்.

"நாங்கள் வயல் விதைச்சா அறுக்கும் மட்டும் மாட்டை எங்க விடுறது? அப்பா காலத்தில இருந்து இதுக்குள்ளதான் விடுறம். அந்த ஊர்ச் சனங்களும் அப்ப இருந்தவைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும் உங்கட படத்தில எங்கட மாட்டுக்கு ஒரு இடம் வேணுமெல்லோ."

அவர் காசு வாங்க மறுத்துவிட்டுப் போனார். வேனுக்குள் நஸீரா வெடித்தார். "பாத்தீங்களா அக்கா? இவர் காடு எண்டுறார், அவர் மேய்ச்சல் எண்டுறார். எங்கட ஊர் எண்டு சொல்ல நான் ஒராள்தான். நாளைக்கு அங்க போய் ஒண்டும் கிடைக்காட்டி என்ட பேரை இந்தத் தொகுதியில இருந்து எடுத்துப்போடுங்கோ. சீரியஸாத்தான் சொல்லுறன்." அதையே ஆங்கிலத்தில் ருவனிடமும் சொன்னார். ருவன் சேற்றைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "உங்கள் பெயர் இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம்" என்றார். கோபமாகச் சொன்னாரா, வேறெப்படியாவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெயரும் போனால் என் கையில் மிஞ்சுவது வெறும் தாள். அன்று வழியில் தின்ன வாங்கிய மீன் பனிஸை, அதாவது மீன் வைத்த பன்னைக்கூட யாரும் தொடவில்லை; அன்ரன்தான் தின்று தீர்த்தார்.

காலையில் புதருக்குள் இறங்கினோம். "மாட்டுத் தடத்தை விட்டு விலகாதேங்கோ" என்றார் அன்ரன். "கண்ணிவெடி எல்லாம் எடுத்தாச்சு எண்டுதான் சொல்லினம். எண்டாலும் மாடு போன வழியால போறது நல்லம்." வீரை மரம், பாலை மரம், முள்ளுப்பத்தை என்று அவர்கள் சொல்லும் முட்புதர். தலைக்கு மேல் பச்சை மூடிக்கொண்டது. நஸீரா தன் உம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கைப்பேசியில் குறித்து வைத்திருந்த புள்ளியை நோக்கி நடந்தோம்.

புள்ளி வந்தது. அங்கே ஊர் இல்லை. தரை ஒரு பெரிய தாம்பாளம்போலக் குழிந்திருந்தது. நடுவில் சேறு, கோரைப்புல், மாட்டுக் குளம்புத் தடங்கள். கட்டு உடைந்த பழைய குளம் ஒன்றின் அடிவயிற்றில் நின்றுகொண்டிருந்தோம். சுற்றிலும் மரம் உண்மையிலேயே அடர்ந்துதான் இருந்தது.

நஸீரா குளத்துக் கட்டில் உட்கார்ந்து காலணியில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் வழித்தார். கண் நிறைந்திருந்தது. ருவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி நின்று, கையிலிருந்த பலகைக் கணினியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"இது கடும் வெயில் காலத்துப் படம். இங்கே பச்சைக்குள் வெளிறிய கோடுகள் தெரிகின்றன பாருங்கள். மிக மெல்லியவை. பிழையென்று நினைத்து, வகைபிரிக்கும்போது துடைத்துவிட்டேன். ஆனால் இவ்வளவு நேராக ஏன் இருக்கின்றன?"

பார்த்தேன். குளத்துக்கு வடக்கே, நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து சற்றுத் தூரத்தில், இரண்டு வெளிறிய கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அவற்றிலிருந்து குறுக்கே இன்னும் சில.

சித்திரை வெயிலில் எங்கள் ஊர் கிடக்கும் கோலம் நினைவுக்கு வந்தது. மற்ற மரமெல்லாம் ஏதோ கொஞ்சம் பசுமை வைத்திருக்கும்போது, வேலிக் கிளுவை மட்டும் ஓர் இலைகூட இல்லாமல் சாம்பல் குச்சியாக நிற்கும். மேலே இருந்து பார்த்தால் அது கோடாகத்தானே தெரியும்!

"நஸீரா" என்று கத்தினேன். "ஒழுங்கைக்கு ரெண்டு பக்கமும் கிளுவை வேலின்னுதானே அவங்க சொன்னாங்க?"

மூவரும் கிட்டத்தட்ட ஓடினோம். மாட்டுத் தடம் அந்தப் பக்கமே போனது நல்லதாயிற்று. போய்ப் பார்த்தால் கிளுவை. வேலிக்கு நட்ட கொம்புகள் தொடைப் பருமன் மரமாகிவிட்டிருந்தன. தானாக முளைத்த மரம் இப்படி இடைவெளி விட்டு வரிசையில் நிற்காது. எதிரே அதேபோல இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவில், ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்தில், மாடுகள் நடந்து நடந்து திறந்து வைத்திருந்த பாதை. அதில் நஸீரா முன்னால் நடந்தார். முடிவில் ஈச்சம்பத்தை. அன்ரன் கத்தியால் விலக்கினார். கல்லும் மண்ணும் தூர்ந்து கிடந்த ஒரு கிணற்றின் வாய்.

நஸீரா பரீதா லாத்தாவை வீடியோவில் அழைத்தார்.

"கிணத்துக்குப் பக்கத்தில உடுப்புத் தோய்க்கிற கல்லு இருக்கா பாருங்கோ" என்றது குரல். "ஒரு மூலை உடைஞ்ச கல்லு."

புல்லை விலக்கித் தேடினோம். கல்லைக் கண்டது ருவன். மூலை உடைந்திருந்தது. அவர் அதன் பக்கத்தில் குந்தி, நஸீராவிடம் முதன்முறையாகச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நஸீரா சிங்களத்திலேயே பதில் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். "கோடுகளைத் துடைச்சதுக்கு மன்னிப்புக் கேட்டார். நான் புள்ளியைப் பிழையா வச்சதுக்கு நானும் கேட்டனான்" என்றார் நஸீரா.

கடைசி நாள், நான் வரைந்த மாதிரித் தாளைச் சிலாவத்துறையில் ஒரு கூடத்துத் தரையில் விரித்தோம். ஆண்களும் பெண்களும் சுற்றி நின்றார்கள். அந்தத் துண்டை என்ன பெயரால் அழைப்பது என்பதே பெரிய வாக்குவாதமாகிவிட்டது. நான், எங்கள் ஊரில் காடு என்றால் உழுது விதைக்கிற நிலம், "காட்டுக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள் என்றேன். கூடமே சிரித்தது. "அப்ப அங்க போய்ப் படத்தைப் போடுங்கோ, எங்களுக்கு வில்லங்கம் இல்லை" என்றார் ஒருவர். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது: பத்தை ஏறிய பழைய குடியிருப்பு.

மாட்டுப் பாதையையும் புள்ளிக் கோடாகப் போட்டிருந்தோம். அது நஸீராவின் யோசனை. ஒரு பெரியவர் கொதித்துவிட்டார். "இதை ஏன் போட்டனீங்கள்? நாளைக்கு மாட்டுக்காரர் வந்து எங்கட எண்டு நிப்பினம்."

"மாடு நடந்தபடியால்தான் ஒழுங்கை மூடாமல் கிடந்தது, நானா" என்று அவரை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார் நஸீரா. "அந்த வழியாலதான் நாங்கள் கிணத்தடிக்குப் போனனாங்கள். இருக்கிறதை இல்லையெண்டு போட ஏலுமா? எங்களுக்குச் செய்ததை நாங்களும் செய்யிறதா?"

பெரியவர் சமாதானமாகவில்லை. "சரி, படத்தில கிணறு இருக்கு. எங்கட பேர் எங்க இருக்கு? ஆர் இருந்தது எண்டு எங்க இருக்கு?"

நிலப்படத்தில் ஆட்களின் பெயருக்கு இடமில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்ற ருவன் முன்னுக்கு வந்து, தாளில் கிணற்றின் மேல் விரலை வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"ஐயா, கிணறு தானா வராது. ஆள் தோண்டினது. அதை நான் எழுதி, என்ட பேர் போடுறது."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப வடிவா எழுதுங்கோ" என்றார்.

கிணற்றுக்கான குறிப்பை ருவன் தன் பெயரோடு எழுதினார். ஆனால் தன் விதியை ஓரிடத்துக்கு மட்டும் மாற்ற மாட்டேன் என்பதில் கடைசிவரை நின்றார். எல்லாத் தாள்களுக்கும் வெயில் காலத்துப் படங்களைப் புதிதாக எடுத்து, துடைத்த கோடுகளையெல்லாம் மறுபடி பார்த்தார். இன்னும் இரண்டு இடங்களில் வேலி தெரிந்தது. ஓர் இடத்தில், ஊரென்று நஸீரா எழுதியிருந்தது உண்மையாகவே காடாக இருந்தது. அதை நஸீராவே மறுபேச்சில்லாமல் மாற்றினார். தொகுதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஊர் திரும்பிய நான் முடிந்த தாள்களையெல்லாம் திரும்ப வரைந்தேன். வரைந்துகொண்டே இருவரையும் திட்டினேன், கணவரையும் சேர்த்து.

அச்சுக்கு அனுப்பும் வாரத்தில் நஸீராவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கடைசி மாதிரித் தாளைச் சிலாவத்துறையில் சுவரில் ஒட்டியிருக்கிறார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். "அதில்லை, அதில்லை, பள்ளிக்கூடம் ஒழுங்கைக்கு இங்கால" என்று ஒரு பெண். "உனக்கென்ன தெரியும், நீ அப்ப பால் குடிச்சனி" என்று இன்னொருத்தி. யாரோ சிரிக்கிறார்கள். யாரோ ஒருவர், அந்தப் பெரியவராகத்தான் இருக்க வேண்டும், எல்லோரையும் அதட்டிக்கொண்டு தன் வீடு இருந்த இடத்தைச் சொல்கிறார். "அக்கா, இவை இண்டைக்கு விடமாட்டினம். கிணறு சரியாம், பள்ளிக்கூடம் பிழையாம்" என்கிறார் நஸீரா. சிறிது நேரத்தில் எங்கள் மூவர் குழுவில் ருவன் தமிழ் எழுத்தில் தட்டியிருந்தார்: "நான் வாறன்."

கணினியில் அந்தத் தாளைத் திறந்தேன். கோப்பின் பெயரில் "இறுதி" என்று சேர்த்து வைத்திருந்தேன். அந்தச் சொல்லை அழித்துவிட்டு, ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.